எதிர்மலை டேங்க் நிரம்பினால் இங்கே மோட்டார் நின்றது

கல்வராயன் மலையைப் பற்றி இந்த வலைப்பக்கத்தில் ஏற்கெனவே இரண்டு முறை எழுதிவிட்டேன். இரண்டிலும் அருவி, மூடுபனி, கரியாலூர் தோசை எல்லாம் வந்துவிட்டன. இந்த மூன்றாவது பயணத்தில் அருவிப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. பொங்கல் கழிந்த இரண்டாவது வாரம், வியாழனும் வெள்ளியும், நான் போனது ஒரு மோட்டார் ரூமுக்கு. போகவேண்டி வந்ததற்குக் காரணமும் நானேதான்.

புதிதாக வருகிறவர்களுக்கு: விழுப்புரத்தில் வீட்டு மாடியில் எனக்கு ஒரு சின்னப் பட்டறை இருக்கிறது. டேங்க் நிரம்பியதும் மோட்டாரைத் தானாக நிறுத்தும் பெட்டி செய்து விற்கிறேன். டேங்க் மேல் ஒரு ரேடியோ மாட்யூல், மோட்டார் ரூமில் இன்னொன்று. மேலே மிதவை எழும்பினால் 'நிரம்பியது' என்று ஒரு செய்தி காற்றில் கீழே வரும், மோட்டார் நிற்கும். கம்பி இழுக்க முடியாத மலை ஊர்களுக்கு இது வசதி. கரியாலூரைத் தாண்டி இருக்கும் ஓர் ஊருக்குப் போன ஆடியில் ஒரு ஜோடி போட்டேன். ஊர்ப் பெயரை வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன், அவர்களுக்குச் சங்கடம் தரும் விஷயமும் இதில் இருக்கிறது.

அந்த ஊரின் டேங்க் ஆப்பரேட்டர் மல்லிகா. முப்பத்தைந்து வயது இருக்கும். தினமும் காலை எட்டு மணிக்கு மும்முனை மின்சாரம் வந்ததும் மோட்டாரைப் போடுவது அவர் வேலை. நிறுத்துவதை என் பெட்டி பார்த்துக்கொள்ளும். கணவர் காபித் தோட்ட வேலைக்கு வெளியூர் போனால் மாதக்கணக்கில் வரமாட்டார். மாதாமாதம் அந்த வீட்டுக்கு வரும் சம்பளம் மல்லிகாவுடையது மட்டும்தான்.

மார்கழியில் அவரிடமிருந்து ஒரு போன் வந்தது. "சார், எதிர்மலையில டேங்க் ரொம்புனா நம்ம மோட்டார் நின்னுபோவுதுங்க" என்றார். நான் சிரித்துவிட்டேன். அந்த ஊர் டேங்குக்கும் இந்த ஊர் மோட்டாருக்கும் என்ன சம்பந்தம்? சுவிட்ச் பழுதாக இருக்கும், எலக்ட்ரீஷியனிடம் காட்டும்மா என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து அந்த ஊரின் தலைவர், ஊர்க்கவுண்டர் வெள்ளையன் கூப்பிட்டார். "மேல் வரிசை பன்னெண்டு வூட்டுக்கும் தண்ணியே ஏறலீங்க. அந்தப் பொண்ணு மோட்டார பாதியில நிறுத்திட்டு அவ மரவள்ளிக்குத் தண்ணி பாச்சிக்கினு கீறான்னு ஊரே பேசுது. வெள்ளிக்கெழம கூட்டம் போட்டு ரூம் சாவிய வேற ஆளுகிட்ட குடுக்கறோம். அதுக்கு முன்னாடி உங்க மிஷின் நல்லாத்தான் கீதுன்னு வந்து ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க." அதாவது, மல்லிகாவுக்கு எதிராகச் சாட்சி சொல்ல என்னைக் கூப்பிடுகிறார்கள்.

வியாழன் காலை 5.10க்கு வண்டியை எடுத்தேன். உளுந்தூர்பேட்டை வரை பனி முகத்தில் அறைந்தது, விரல்கள் மரத்துப்போயின. 6.25க்குத் தியாகதுருகத்தில் டீ, 12 ரூபாய். கோட்டைக் குன்றின் உச்சியில் மட்டும் வெளிச்சம் விழுந்திருந்தது. 6.50க்குக் கள்ளக்குறிச்சியில் 400 ரூபாய்க்குப் பெட்ரோல். ஊரைவிட்டு வெளியேறும்போது கரும்பு டிராக்டர் ஒன்று முன்னால் மாட்டிக்கொண்டது, அதன் பின்னாலேயே உருண்டதில் பத்து நிமிடம் போச்சு. கச்சிராயபாளையத்தில் நாலு இட்லி ஒரு வடை, 45 ரூபாய். என் பையில் நீட்டிக்கொண்டிருந்த ஆன்டெனாவைக் கடைக்காரர் பார்த்தார்.

"மேல டவர் வெக்கப் போறீங்களா சார்?"

"இல்லைங்க, மோட்டார் ரிப்பேர்."

"இன்னாவோ போங்க. பனி ஜாஸ்தியா கீது, லைட்ட போட்டுக்கினே போங்க."

கரியாலூருக்கு 8.10. விழுப்புரத்திலிருந்து மீட்டரில் 112 கிலோமீட்டர். அங்கிருந்து ஊர் இன்னும் ஆறு கிலோமீட்டர், கடைசி ஒன்றரை மண் ரோடு. மோட்டார் ரூம் ஊருக்குக் கீழே ஓடைக் கரையில் இருக்கிறது. நான் போய் இறங்கும்போது மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் மல்லிகா நின்றிருந்தார்.

"வாங்க சார். சாவிய வாங்கறத பாக்க வந்தீங்களா?"

நான் லேப்டாப்பை எடுத்தேன்.

ரூமை ஒட்டி அவருடைய மரவள்ளி தளதளவென்று நிற்கிறது, பார்க்கிற யாருக்கும் சந்தேகம் வரும். குழாய் இணைப்பில் கசிகிற தண்ணீர் நேராக அந்தப் பாத்திக்குத்தான் போகிறது. பஞ்சாயத்தில் வாஷர் கேட்டு நாலு மாதமாகிறதாம்.

மாட்யூலை லேப்டாப்பில் சொருகினால் திரை முழுக்கக் கட்டமும் கேள்விக்குறியும் கொட்டின. மாட்யூல் கெட்டுவிட்டது என்று பதறி, கேபிளை மாற்றி, மறுபடி சொருகி, இருபது நிமிடம் வீண். கடைசியில் பார்த்தால் சீரியல் வேகம். பெட்டிக்குள் 57,600 என்று நானே வைத்துவிட்டு, லேப்டாப்பில் 9,600 வைத்துப் படித்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு பக்கமும் ஒரே வேகம் இல்லையென்றால் குப்பைதான் வரும். இதைப் பற்றி மூன்று பேருக்கு வகுப்பு எடுத்தவன் நான்.

வேகத்தைச் சரிசெய்ததும் எழுத்து தெளிந்தது. மேலே டேங்கிலிருந்து நிமிடத்துக்கு ஒரு முறை 'நிரம்பவில்லை' என்று ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. எனக்குக் குற்றம் எதுவும் தெரியவில்லை. மணி 9.38. வெளியிலிருந்து மல்லிகா கூப்பிட்டார்.

"சார், வெளிய வந்து பாருங்க. கோடு வந்துட்டுது."

பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் எதிர்மலை. ரோடு வழியாகப் போனால் பதினோரு கிலோமீட்டர், நேராகப் பார்த்தால் இரண்டுகூட இருக்காது. அங்கே ஒரு கறுத்த பாறை, அதன் தலையில் அந்த ஊர் டேங்க். டேங்கிலிருந்து வழிந்த தண்ணீர் வெயில் பட்டுப் பாறையில் வெள்ளைக் கோடாக இறங்கிக்கொண்டிருந்தது.

"இன்னும் கொஞ்ச நேரம். நான் டெய்லி எண்ணிக்கினே இருப்பேன். எரநூத்தி நாப்பது, எரநூத்தி அம்பது அதுக்குள்ள நின்னுடும்" என்றார். நான் ரூமுக்குள் ஓடித் திரையைப் பார்த்தேன். 'நிரம்பவில்லை', 'நிரம்பவில்லை', நடுவில் திடீரென்று ஒரு 'நிரம்பியது'. டிக்கென்று ஒரு சத்தம், மோட்டார் நின்றுபோனது. மணி 9.42. எங்கள் டேங்க் அப்போது பாதிதான் நிரம்பியிருக்கும்.

அந்தக் கணத்தில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கார்த்திகைக் கடைசியில் கள்ளக்குறிச்சிக் கடை ஒன்று இன்னொரு ஜோடி கேட்டது. எந்த ஊருக்கு என்று நான் கேட்கவில்லை. எந்த ஜோடியின் செய்தி என்று பிரித்துக் காட்டும் நெட்வொர்க் எண் பழைய ஜோடியில் இருந்ததேதான், அதே அமைப்பு, செய்தியைப் பூட்டி அனுப்பும் என்கிரிப்ஷன் இரண்டிலும் பூஜ்யம். அப்படியே பார்சல் கட்டி அனுப்பினேன். அது எதிர்மலைக்குப் போயிருக்கிறது. பக்கத்து மேட்டுக்கு எட்டாத ரேடியோ எதிர்மலைக்கு ஜம்மென்று எட்டும், நடுவில் பள்ளம்தானே. அவர்கள் டேங்க் 'நிரம்பியது' என்று சொன்னதை நம் மோட்டார் தனக்கென்று எடுத்துக்கொண்டது. அவர்கள் டேங்க் சின்னது, சீக்கிரம் நிரம்பிவிடும். நம் டேங்க் பெரியது, அது நிரம்புவதற்குள் அவர்கள் மோட்டார் தன் வேலையை முடித்திருக்கும். அதனால் அடி இந்தப் பக்கம் மட்டும் விழுந்தது.

இதில் என் புத்திசாலித்தனம் இன்னொன்றும் உண்டு. ஒருமுறை 'நிரம்பியது' வந்தால் நாலு மணி நேரத்துக்கு மோட்டாரைத் திரும்பப் போட முடியாதபடி நானே பூட்டு வைத்திருந்தேன். காலை மின்சாரமோ பதினொன்றரை வரைதான். அன்றைய தண்ணீர் அவ்வளவுதான். மேல் வரிசைப் பெண்கள் குடத்தோடு ஓடைக்கு இறங்க வேண்டும்.

"மல்லிகா, தப்பு என்னுது" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "போன்ல சொன்னேனே சார், அன்னிக்கே கேட்டிருக்கலாம் இல்ல" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

அவமானத்தில் அவசரம் சேர்ந்தால் என்ன ஆகும்? அடுத்த தப்பு. என்கிரிப்ஷன் போடும்போது ஒரு வரிசை உண்டு. மூன்று பிளஸ் குறி அடித்து, முன்னும் பின்னும் ஒரு விநாடி சும்மா இருந்தால் மாட்யூல் நம் பேச்சைக் கேட்கத் தயாராகும். அதன் வழியாகவே தூரத்து மாட்யூலுக்கும் உத்தரவு கொடுக்கலாம். எட்ட இருப்பதை முதலில் மாற்றி, சேமித்து, அப்புறம்தான் கிட்ட இருப்பதைத் தொட வேண்டும். நான் கிட்ட இருப்பதை முதலில் பூட்டினேன். இது பூட்டிய மொழியில் பேச, மேலே இருப்பது பூட்டாத மொழியில் பேச, ஒன்று சொல்வது மற்றதற்குப் புரியவில்லை. கிட்ட இருப்பதன் பூட்டை எடுத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கலாம் என்று அந்த நேரத்தில் தோன்றவே இல்லை, நடந்து போய்த்தான் ஆகவேண்டும் என்று கிளம்பிவிட்டோம்.

டேங்குக்கு ஒன்றரை கிலோமீட்டர், செங்குத்து. மல்லிகாவுக்கு அரை மணி நேரம். எனக்காக அவர் நின்று நின்று வந்ததில் ஐம்பது நிமிடம். சாமை அறுத்த காட்டு வழியாகப் போனோம். வழியில் மேல் வரிசை ராணி எதிரே குடத்தோடு இறங்கினார். இந்தப் புகாரை முதலில் கிளப்பியவர் அவர்தான். இரண்டு பெண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ராணி என்னிடம் மட்டும், "நாளைக்கு நெசத்த சொல்லுங்க சார், முப்பத்தி நாலு நாளா தூக்கிக்கினு கீறோம்" என்றார். அவர் குடத்தையும் தோளையும் பார்த்தபோது அவர் மேலும் எனக்குக் கோபம் வரவில்லை.

மேலே போய், கீழே பூட்டுவதற்குப் போட்ட அதே ரகசிய எண்ணைப் போட்டோம். முப்பத்திரண்டு எழுத்து, லேப்டாப் தாறுமாறாக உருவாக்கிக் கொடுத்தது. வழக்கமாக நான் பட்டறையில் எல்லாவற்றுக்கும் ஒரே நெட்வொர்க் எண் போடுகிற சோம்பேறி. இந்த முறை அதைச் செய்யவில்லை. கீழே ஒரு துண்டுத் தாளில் எழுதி வந்ததை மல்லிகா இரண்டு இரண்டாக நிறுத்திப் படித்தார், நான் அடித்தேன். ஒரு இடத்தில் "சார், ஏழு அடிக்கச் சொன்னா ஒண்ணு அடிக்கிறீங்க" என்று பிடித்துக்கொண்டார். அந்த ஒன்று உள்ளே போயிருந்தால் திரும்ப ஒரு மலை ஏறியிருப்பேன்.

மோட்டார் ரூம் பக்கம் போனுக்கு சிக்னல் கிடையாது. ஆகவே அவர் மேலே நிற்பது, நான் கீழே இறங்குவது, சரியாக 4.30க்கு அவர் மிதவையைக் கையால் இரண்டு முறை தூக்குவது என்று பேசிக்கொண்டோம். 4.30க்குப் பெட்டி டிக் என்றது. கொஞ்சம் விட்டு இன்னொரு டிக். அங்கே வேறு யாரும் இல்லாததால் நான் கைதட்டியதை யாரும் பார்க்கவில்லை. அன்றிரவு கரியாலூரில் தங்கினேன், அறை 600 ரூபாய், வெந்நீர் வாளி 20.

வெள்ளி காலை. அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு, எதைப் பற்றிச் சண்டையோ அது நடந்த இடத்திலேயே கூட்டம் போடுவார்கள். வரப்புச் சண்டை என்றால் வரப்பில் நிற்பார்கள். ஆகவே ஒன்பதே காலுக்கு மோட்டார் ரூம் முன்னால் முப்பது பேர் நின்றார்கள். மோட்டார் எட்டு மணியிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. நான் நடந்ததைச் சொன்னேன். ஒரே மாதிரி பெட்டியை இரண்டு ஊருக்கும் கொடுத்தது என் தப்பு, மல்லிகா மேல் எந்தத் தப்பும் இல்லை என்றேன். கூட்டம் என்னையே பார்த்தது.

"காத்துல வந்து மோட்டார நிறுத்திச்சா? அத எப்பிடிங்க நம்பறது?" என்றார் ராணி. "அத எங்களுக்குக் காமிங்க."

அங்கேதான் சிக்கல். நேற்றுப் போட்ட ரகசிய எண்ணை எடுத்துவிட்டால் கோடு வந்ததும் மோட்டார் நிற்பதை எல்லோரும் கண்ணால் பார்ப்பார்கள், மல்லிகா சொன்னது நூற்றுக்கு நூறு நிஜம் என்று ஆகிவிடும். ஆனால் நின்றால் நாலு மணி நேரப் பூட்டு விழும். அன்றைக்கும் மேல் வரிசைக்குத் தண்ணீர் இல்லை. அந்த நேரப் பூட்டைத் தளர்த்தும் நிரலோ விழுப்புரத்துப் பட்டறையில் இருந்தது. ரகசிய எண்ணோடு விட்டால் மோட்டார் ஓடும், ஆனால் 'நீங்க வந்து நின்னதால ஒழுங்கா ஓட்டறா' என்று ஒரு பேச்சு வரும். ஊர்க்கவுண்டர் மல்லிகாவைப் பார்த்து, "உன் பேருதாம்மா கெட்டுக் கெடக்குது. இன்னா செய்யட்டும், நீயே சொல்லு" என்றார்.

மல்லிகா யோசிக்கவே இல்லை. "நிக்கறத காமிச்சா எம் பேரு நல்லாயிடும். அவங்க திரும்ப கொடத்தத் தூக்கணும். வேணாங்க, ஓடட்டும்" என்றார்.

ராணி இடுப்புக் குடத்தைக் கீழே வைத்தார்.

9.36க்குக் கோடு வந்தது. "எண்ணுங்க" என்றார் மல்லிகா. ஊரே எதிர்மலையைப் பார்த்து எண்ண ஆரம்பித்தது. நூறு வரை சத்தமாக, அப்புறம் முணுமுணுப்பாக. என்னிடம் ரகசிய எண் போடாத, பழைய நெட்வொர்க் எண்ணே உள்ள உதிரி மாட்யூல் ஒன்று இருந்தது, அதை லேப்டாப்பில் மாட்டி வைத்திருந்தேன். இருநூற்று நாற்பத்தி நாலில் திரையில் 'நிரம்பியது' என்று விழுந்தது. பக்கத்தில் நின்ற ஊர்க்கவுண்டர் எட்டிப் பார்த்தார். மோட்டார் ஓடியது. முந்நூறு. எதிரே அவர்கள் மோட்டார் நின்றிருக்க வேண்டும், கோடு மெலிந்து, அறுந்து, பாறை மறுபடி கறுத்துப்போனது. இங்கே மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது.

முந்நூற்றைம்பதில் எண்ணுவதை நிறுத்திவிட்டார்கள். ராணி குடத்தை எடுத்துக்கொண்டு மேலே ஏறினார். யாரும் கலையவில்லை. 11.05க்கு எங்கள் டேங்க் நிரம்பி, எங்கள் செய்தி வந்து, மோட்டார் தானாக நின்றது. கொஞ்ச நேரத்தில் மேலிருந்து ராணியின் குரல்.

"ஏ மல்லிகா! கடைசி வூடு வரைக்கும் வந்துக்கினு கீதுடீ!"

ஊர்க்கவுண்டர் சாவி பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. "அந்த வாஷர் இன்னா சைஸு?" என்று மல்லிகாவிடம் கேட்டார். மல்லிகா சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் கண் கரித்தது, மறைக்க லேப்டாப்பை மூடினேன். ரகசிய எண் எழுதிய தாள் இப்போது அவரிடம்தான் இருக்கிறது. என்னிடம் பிரதி கிடையாது.

மதியம் எதிர்மலைக்கும் போய் அவர்கள் ஜோடிக்கு வேறு நெட்வொர்க் எண், வேறு ரகசிய எண் போட்டேன், இந்த முறை வரிசை மாறாமல். அவர்கள் மிதவை வழிகுழாய்க்கு மேலே மாட்டியிருந்தது, அதனால்தான் வழிந்தபின் செய்தி போகிறது. சரிசெய்யட்டுமா என்று கேட்டதற்கு அங்கிருந்த பெரியவர் பதறிவிட்டார். "ஐயோ, கை வெச்சிடாதீங்க. அந்த வழியற தண்ணியிலதான் எங்க வாழ நிக்குது." விட்டுவிட்டேன். 3.40க்கு மலையிறங்கி இரவு எட்டுக்குள் வீடு. சந்தோஷமான களைப்பு. இருபது வருடத் தொழிலில் என் பெட்டி ஒருவரின் பேரைக் கெடுக்கும் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. இனி எந்தப் பெட்டியும் எந்த ஊருக்கு என்று கேட்காமல் பட்டறையை விட்டுப் போகாது.

போகிறவர்களுக்கு: பெட்ரோலைக் கள்ளக்குறிச்சியிலோ கச்சிராயபாளையத்திலோ நிரப்பிக்கொள்ளுங்கள். தை மாதம் என்றால் கையுறை கட்டாயம். எட்டு மணிக்கு முன் மலை ஏறினால் பனியில் வளைவு தெரியாது. இரண்டு நாளில் எனக்கு ஆன மொத்தச் செலவு 1,460 ரூபாய். ரேடியோ மாட்யூலோடு போகிறவர்களுக்கு: சீரியல் வேகத்தைப் பெட்டி மேலேயே எழுதி ஒட்டுங்கள், கடையிலிருந்து வந்த நெட்வொர்க் எண்ணை மாற்றுங்கள், தூரத்து மாட்யூலை முதலில் பூட்டுங்கள், சேமிக்க மறக்காதீர்கள்.

அருவிக்குப் போகிற எல்லோருக்கும் ஒன்று. கரியாலூர் தாண்டி ஐந்தாவது கிலோமீட்டரில் ஒரு திருப்பம், இரண்டு வண்டி நிறுத்த இடம் இருக்கும். காலை ஒன்பதரைக்கு அங்கே நின்றால் எதிர்மலையில் வெள்ளைக் கோடு இறங்குவது தெரியும், கீழே ஓடைப் பக்கம் மோட்டார் சத்தம் கேட்கும். கோடு மறைந்தபிறகும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தால் நல்லது, கிளம்பிப் போங்கள். நின்றுவிட்டால் இறங்கிப்போய் மல்லிகாவிடம் ஏன் என்று கேட்காதீர்கள். என்னிடம் கேளுங்கள்.